பட்டன் புதுசு மாதிரி இருக்கு, வயசு பன்னிரண்டு தாண்டியாச்சு: பத்மினி டயரை மாத்தணுமா?

பத்மினி_84

84 மாடல் பிரீமியர் பத்மினி. வருஷத்துக்கு 500, 600 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஊர் பெங்களூரு. ஞாயிறு காலையில அல்சூர்ல இருந்து கப்பன் பார்க் வரைக்கும் ஒரு சுத்து, எப்பவாவது நந்தி பெட்டா மலை, அவ்வளவுதான். அபார்ட்மென்ட்ல திறந்த பார்க்கிங், துணிக் கவர் போட்டிருக்கு.

டயர் நாலும் 5.20-14 நைலான் (நூலடுக்கு சாய்வாக் குறுக்கு மறுக்காப் போற பழைய வகை), டியூப் போட்டது. டிரெட், அதாவது ரோட்டுல படுற பட்டன், ஆழம் இன்னும் 6 மி.மீ. இருக்கு. ஆனா பக்கச்சுவர்ல 1813-ன்னு போட்டிருக்கு. மெக்கானிக் "பட்டன் அப்படியே இருக்கு சார், தாராளமா ஓடும்"ங்கிறார். டயர் கடையில "இதை வெச்சுக்கிட்டு ஹைவே ஏறாதீங்க"ங்கிறாங்க. அவங்க விக்கிறவங்க, அப்படித்தான் சொல்வாங்கன்னும் தோணுது.

அடுத்த மாசம் கிருஷ்ணகிரி, வேலூர் வழியா சென்னை போகணும். மாத்தணுமா? மாத்தினா அதே நைலானா, இல்ல நூல் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேராப் போற ரேடியலா? டிக்கியில கிடக்கிற ஸ்டெப்னி ஒரு தடவைகூட தரையைத் தொடாதது. அதை ஒரு வீலுக்குப் போட்டுட்டு மூணு மட்டும் வாங்கினா போதுமா?

வீல்_ஸ்பானர்

1813-ன்னா 2013-ல 18-ஆவது வாரம். ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம். மாத்துங்க சார். 6 மி.மீ. பட்டன் இருக்கிறதே இந்த டயர் எவ்வளவு நாளா சும்மா நின்னிருக்குங்கிறதுக்குத்தான் சாட்சி.

சட்டம் கேக்கிற 1.6 மி.மீ. தினமும் ஓடுற வண்டிக்கு உதவுற கணக்கு. அங்க டயர் தேய்ஞ்சு போகும். நிக்கிற வண்டியில காய்ஞ்சு போகும், காய்ஞ்சதை டெப்த் கேஜ் காட்டாது.

உள்ள நடக்கிறது ரெண்டு வேலை. ஒண்ணு, டயருக்குள்ள அழுத்தி வெச்சிருக்கிற காத்துல இருக்கிற ஆக்சிஜன் ரப்பருக்குள்ள ஊடுருவிக்கிட்டே இருக்கும். ரப்பர் இறுகும், நூலடுக்கோட ஒட்டியிருக்கிற பிடி தளரும். ரெண்டாவது, வெளியில இருந்து ஓசோன். இதைத் தடுக்கத்தான் ரப்பர்ல மெழுகும் ஓசோன் எதிர்ப்பு மருந்தும் கலந்திருக்காங்க. டயர் உருண்டு, மடங்கி, நிமிரும்போது அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமா மேல கசிஞ்சு மெல்லிய படலமாப் படியும். ஓடாத டயர்ல இந்தக் கசிவு சரியா நடக்காது. அதனாலதான் ஒரே வயசுல டாக்ஸி டயரை விட ஷெட்டுல நின்ன டயர்ல வெடிப்பு முதல்ல தெரியும். "ஓடவே இல்ல, அதனால புதுசு"ங்கிறது டயர் விஷயத்துல தலைகீழ்.

திறந்த பார்க்கிங்கனா இன்னொண்ணும் கவனிங்க. துணிக் கவர் பாதி சக்கரம் வரைக்கும்தான் இறங்கும். சாயங்கால வெயில் படுற பக்கத்து ரெண்டு டயரும் மத்த ரெண்டை விட முன்னாடியே வெடிப்பு விடும். ஊர் குளுகுளுன்னு இருக்குன்னு நினைக்காதீங்க, 900 மீட்டர் உயரத்துல வெயில்ல இருக்கிற புற ஊதாக்கதிருக்குக் குறைவில்ல.

வயசுக் கணக்கு: பல கார் கம்பெனிகள் கையேட்டுல ஆறு வருஷம்னு எழுதுறாங்க. மிஷெலின், அஞ்சு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் ஆள் வெச்சுப் பார்க்கணும், தயாரான தேதியில இருந்து பத்து வருஷம் ஆச்சுன்னா எப்படி இருந்தாலும் கழட்டணும்னு சொல்லுது. வாங்கின தேதி இல்ல, தயாரான தேதி. பிரிட்டன்ல 2021 பிப்ரவரியில இருந்து லாரி, பஸ்ஸோட முன் வீலுக்குப் பத்து வயசு தாண்டின டயர் போடுறது சட்டப்படியே தப்பு.

ஸ்டெப்னியும் இதே கணக்குதான். டிக்கியில வெயில் படாது, ஆனா காத்து அடைச்சுத்தானே வெச்சிருந்தது? உள்ளிருந்து இறுகுற வேலை அதுலயும் நடந்துகிட்டுதான் இருக்கும். அதோட தேதியைப் பார்த்துச் சொல்லுங்க. நாலு இலக்கத்துக்குப் பதிலா மூணு இலக்கம் இருந்தா அது 2000-க்கு முன்னாடி வந்தது.

ஆயில்_கறை

வயசான டயருக்கு ஊரறிஞ்ச உதாரணம் 2013 நவம்பர்ல நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்து. விசாரணையில முதல் காரணம் அதிவேகம்னுதான் சொன்னாங்க. கூடவே டயருக்கு ஒன்பது வயசு ஆகியிருந்ததையும் குறிச்சாங்க. குறைஞ்ச கிலோமீட்டர் ஓடின வண்டி. அந்த வேகம் பத்மினிக்கு வராதுங்கிறது வேற விஷயம்.

அம்பி_மார்க்4

பன்னிரண்டு வயசு டயரை மாத்தணும்கிறதுல எனக்கும் மறுப்பில்ல. ஆனா "ஆறு வருஷம், உடனே கழட்டு"ன்னு இங்க சிலர் எல்லாருக்கும் சொல்றது எனக்கு ஒத்து வரல. நிழல்ல நின்ன, காத்து சரியா இருந்த எட்டு வயசு டயர் நல்லா இருக்கலாம். வெயில்ல காத்து இறங்கி நின்ன அஞ்சு வயசு டயர் குப்பையா இருக்கலாம். பத்து உச்சவரம்பு. ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல கையால பார்த்து முடிவு பண்ணுங்க. பார்க்கிற முறையைச் சொல்றேன், மத்தவங்களுக்கும் உதவும்.

முதல்ல தேதி வெளிப்பக்கம் இல்லைன்னா "தேதியே இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிறைய டயர்ல ஒரு பக்கச்சுவர்லதான் அச்சு இருக்கும், அது உள்பக்கமா மாட்டியிருக்கும். போனை வண்டிக்கு அடியில நீட்டி, டார்ச் போட்டு வீடியோ எடுங்க.

அப்புறம் ஜாக்கி போட்டு வீலைத் தூக்குங்க. மத்த வீலுக்குக் கட்டை வைக்க மறந்துடாதீங்க. மூணு இடம் பாருங்க: டிரெட்டும் பக்கச்சுவரும் சேர்ற தோள், டிரெட் பள்ளத்தோட அடி, ரிம் ஓரம். பெரும்பாலானவங்க பக்கச்சுவரை மட்டும் பார்த்துட்டு எழுந்துடுவாங்க. பள்ளத்தோட அடியில குறுக்கா ஓடுற மயிரிழைக் கோடுதான் மோசமானது, அங்க ரப்பர் கனம் குறைவு, அடியிலேயே நூலடுக்கு. கட்டை விரலால ரெண்டு பக்கமும் அழுத்தி வெடிப்பை விரிச்சுப் பாருங்க. மேல் தோல் மட்டும் சுருக்கம் விழுந்திருந்தா விரியாது. விரிஞ்சா, உள்ள நிறம் மாறித் தெரிஞ்சா, டயர் முடிஞ்சது. நூல் தெரிஞ்சா அந்த வீல்ல டயர் கடை வரைக்கும்கூட ஓட்டாதீங்க.

அடுத்து, தரையில ஒரு செங்கல் வெச்சு, அது மேல ஒரு பென்சிலை டிரெட்டுக்கு 2 மி.மீ. தள்ளி நிக்கிற மாதிரி வெச்சு வீலை மெதுவா சுத்துங்க. இடைவெளி ஒரு இடத்துல மட்டும் மூடினா அங்க அடுக்கு விட்டு எழும்பியிருக்கு. எல்லா இடத்துலயும் அலை மாதிரி ஏறி இறங்கினா ரிம் கோணல்.

இறுக்கம் பார்க்க ஷோர் ஏ மீட்டர் ஆன்லைன்ல கிடைக்கும். கார் டயர் டிரெட் புதுசுல சுமார் 60-ல இருந்து 70-க்குள்ள காட்டும். 75 தாண்டினா சந்தேகப்படுங்க, 80 தாண்டினா பேச்சே இல்ல. நிழல்ல, டயர் ஆறினப்புறம், பட்டனோட நடுவுல வெச்சு அஞ்சு இடத்துல எடுங்க. வெயில்ல எடுத்தா மென்மையாக் காட்டி ஏமாத்தும். மீட்டர் இல்லைன்னா நகத்தால பட்டனோட ஓரத்தை அழுத்துங்க. நல்ல ரப்பர் பள்ளம் வாங்கி மெதுவாத் திரும்பும். காய்ஞ்சது பிளாஸ்டிக் வாளி மாதிரி நகத்தைத் தள்ளும்.

இறுகின டயர் வெடிச்சாத்தான் ஆபத்துன்னு இல்ல. மழையில முதல் பத்து நிமிஷம் ரோடு வழுக்கும்போது பத்மினியோட நாலு டிரம் பிரேக்கும் ஒரே சமமாப் பிடிக்காது. இறுகின ரப்பர் சட்டுனு வழுக்கி வீல் லாக் ஆகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக் பிரேக் ஷூவை ரெண்டு தடவை அட்ஜஸ்ட் பண்ணுவார், காரணம் டயர்ல இருக்கும்.

பத்மினி_84

பார்த்துட்டேன். பின்பக்க இடது டயர்ல ரெண்டு பள்ளத்தோட அடியில குறுக்குக் கோடு, அழுத்தினா விரியுது. மேற்கு வெயில் படுறது அந்தப் பக்கம்தான். முன் ரெண்டும் வெளியில சுத்தம், ஆனா நகம் இறங்கல. ஸ்டெப்னியில மூணு இலக்கம்: 349.

கிளம்பினதும் முதல் ரெண்டு கிலோமீட்டர் ஸ்டியரிங்ல தட் தட்னு அடிக்கும், அப்புறம் நிக்கும். அதுவும் இதனாலதானா?

நாலும் மாத்திடலாம்னு முடிவு. நைலானா ரேடியலா மட்டும் தீர்க்கணும்.

வீல்_ஸ்பானர்

349-ன்னா 34-ஆவது வாரம், வருஷம் 9-ல முடியும். 1999-ஆ இருக்கலாம், 1989-ஆவும் இருக்கலாம். எதுவானாலும் தொட்டி செய்யக் கொடுங்க.

தட் தட் பத்தி: நைலான் நூல் சூட்டுல இளகும், ஆறும்போது எந்த வடிவத்துல இருக்கோ அதே வடிவத்துல நிக்கும். வண்டி நின்ன இடத்துல டயர் தட்டையாகி அப்படியே ஆறிடும். ஓட ஆரம்பிச்சு சூடேறினா வட்டம் திரும்பும், சத்தம் குறையும். அது நைலானோட குணம். தூரம் போகப் போகச் சத்தம் அதிகமானா அது வேற, அடுக்கு விட்டுப் போகுது. உடனே ஓரம் கட்டணும்.

ரிம்_பேண்ட்

நைலானா ரேடியலாங்கிறதுக்கு என் பதில் ரேடியல். நைலான் 5.20-14 கிடைச்சாலும் அது யாரும் கேக்காத சைஸ். கோடவுன்ல மூணு, நாலு வருஷம் தூங்கினதா இருக்கும், வாங்கும்போதே பாதி ஆயுசு போயிருக்கும். வண்டியை ஷோவுக்கு மட்டும் கொண்டு போறவங்க, அந்தக் குறுகலான டிரெட் அழகு வேணும்னா நைலான் போடலாம். நீங்க சென்னை போறீங்க.

அளவு: 5.20-14-க்கு நெருக்கமான ரேடியல் 155/80 ஆர்14. இந்த சைஸ் தேடணும். கடையில சுலபமாக் கிடைக்கிறது ஸ்விஃப்டோட கீழ் வேரியன்டுகளுக்கு வர்ற 165/80 ஆர்14. சுமைக் குறியீடு 85-ன்னா ஒரு டயருக்கு 515 கிலோ, ஒரு டன்கூட வராத பத்மினிக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அகலம் 10 மி.மீ., விட்டம் 16 மி.மீ. அந்த 155-ஐ விட அதிகம். நாலும் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் மாட்டி ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. பின்னாடி ரெண்டு பேரை உக்கார வெச்சு ஃபெண்டர் விளிம்புக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் விரல் போகுதான்னு பாருங்க. ரிம்மோட உள் அகலத்தையும் அளந்து, அந்த டயருக்குக் கம்பெனி சொல்ற ரிம் அகல வரம்புக்குள்ள வருதான்னு கேளுங்க. இதைக் கேக்காம மாட்டுற கடைகள்தான் ஜாஸ்தி. ஜே.சி. ரோடுல நாலு கடை ஏறி இறங்கினா சைஸ் அட்டவணை வெச்சிருக்கிற ஆள் ஒருத்தராவது அகப்படுவார்.

ரேடியலையும் நைலானையும் ஒரே ஆக்சில்ல கலக்கவே கூடாது. முன்னாடி ரேடியல் பின்னாடி நைலான் இன்னும் மோசம்: முன்பக்கம் நல்லாப் பிடிக்கும், பின்பக்கம் வளைவுல விட்டுடும். நந்தி பெட்டா கொண்டை ஊசியில இறங்கும்போது வால் முன்னாடி வரும். அதனால ஸ்டெப்னியும் ரேடியலாவே வாங்குங்க, அஞ்சு டயர்.

இப்ப முக்கியமான இடம். கடையில "டியூப்லெஸ் டயர் சார், டியூப் எதுக்கு"ன்னு கேப்பாங்க. பத்மினியோட ஒரிஜினல் ரிம் டியூப் காலத்து ரிம். டியூப்லெஸ் ரிம்ல டயரோட ஓரம் உள்ள நழுவாம இருக்க ஒரு மேடு இருக்கும். பழைய ரிம்ல அது இல்ல. காத்து இறங்கின நேரத்துல பக்கவாட்டு விசை வந்தா டயர் ரிம்மை விட்டு உள்ள விழும், ஒரே நொடியில காத்து மொத்தமும் போயிடும். டியூப் போடுங்க, அதுவும் "ரேடியல்"னு அச்சடிச்ச டியூப். நைலான் டயரோட பழைய டியூப் ரேடியலோட வளைவுக்குத் தாங்காது, மடிப்புல தேய்ஞ்சு பொத்துக்கும். வால்வு ஓட்டையையும் அளங்க: 11.5 மி.மீ.-ன்னா டிஆர்13 ரக வால்வு, 16 மி.மீ. கிட்ட இருந்தா டிஆர்15. பெரிய ஓட்டையில சின்ன வால்வு போட்டா வால்வோட அடி ஆடி ஆடி அங்கேயே கிழியும்.

டயரைக் கழட்டினதும் ரிம்மை உடனே மாட்ட விடாதீங்க. கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, வெல்டிங் மேடு ஏதாவது குத்துதான்னு விரலால ஒரு சுத்துத் தடவி, பிரைமர் அடிச்சு, பெயின்ட் காய ஒரு நாள் விடுங்க. ரிம் பேண்ட் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவுல போடுற ரப்பர் பட்டை) புதுசாப் போடுங்க. டியூப்லெஸ் டயருக்குள்ள காகித லேபிளோ பார்கோடு ஸ்டிக்கரோ ஒட்டியிருந்தா உரிச்சு எடுத்துடுங்க, அதோட ஓரம் டியூபை மாசக்கணக்கா உரசியே பஞ்சர் பண்ணும். அப்புறம் டால்க் பவுடர். கை நிறைய அள்ளிக் கொட்டினா ஒரே இடத்துல கட்டி சேரும், உள்ள மெல்லிசாப் பூசினா போதும். லேசாக் காத்து அடிச்சு, வால்வுக்குள்ள இருக்கிற ஊசியைக் கழட்டிக் காத்தை இறக்கி, மறுபடி அடிக்கச் சொல்லுங்க. டியூப் மடிப்பு நிமிரும். இந்த ரெண்டாவது தடவையைப் பாதிக் கடையில செய்ய மாட்டாங்க, நின்னு செய்ய வைக்கணும்.

டயர் வாங்கும்போதே தேதியைப் பார்த்து, பில்லுல அந்த நாலு இலக்கத்தை எழுதச் சொல்லுங்க. ஆறு மாசத்துக்குள்ள இருந்தா நல்லது, ஒரு வருஷம் தாண்டினா வேற எடுக்கச் சொல்லுங்க. அஞ்சும் ஒரே வாரமா இருக்கணும்னு அவசியமில்ல.

மாட்டினப்புறம் அலைன்மென்ட். நைலானுக்கு வெச்சிருந்த டோ-இன் (முன் வீல் ரெண்டும் லேசா உள்பக்கம் திரும்பியிருக்கிற அளவு) ரேடியலுக்கு அதிகம், அப்படியே விட்டா முன் டயர் பட்டன் ரம்பப் பல்லு மாதிரி தேயும். ஸ்டியரிங் நிக்கிற இடத்துல கொஞ்சம் கனமாகும், அது இயல்பு.

பத்மினி_84

அப்ப காத்து எவ்வளவு? கையேட்டுல இருக்கிறது நைலானுக்கானது. பங்க்ல நைட்ரஜன் அடிக்கச் சொல்றாங்க, அதுவும் தேவையா?

அம்பி_மார்க்4

முன்னாடி 26, பின்னாடி 28 பி.எஸ்.ஐ.-ல ஆரம்பிங்க, அப்புறம் டயரையே கேளுங்க. காலையில ஆறின டயர்ல அளந்து எழுதி வெச்சுக்கங்க. 25, 30 கிலோமீட்டர் சீரான வேகத்துல ஓட்டிட்டு நிறுத்தின உடனே மறுபடி அளங்க. 4 பி.எஸ்.ஐ. ஏறினா சரி. 6, 7 ஏறினா காத்து பத்தல, டயர் மடங்கிச் சூடாகுது: ஆறினப்புறம் 2 கூட்டுங்க. 2-தான் ஏறுச்சுன்னா காத்து ஜாஸ்தி. இது பழைய வழக்கக் கணக்குதான், ஆனா கையேடு இல்லாத டயருக்கு நல்லா உதவும்.

சென்னைப் பயணத்துல ஒண்ணு: பெங்களூருல காலை அஞ்சரைக்கு 18 டிகிரியில அளந்த டயர், ஆம்பூர் தாண்டி வெயில் ஏறினப்புறம் 38 டிகிரியில வேற எண் காட்டும். 5, 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம், ஓட்டத்துல வர்ற சூடு தனி. ராணிப்பேட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போது "ஜாஸ்தியா இருக்கே"ன்னு பதறிக் காத்தை இறக்கிடாதீங்க. இறக்கினா அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் காத்து பத்தாத டயர்ல ஓட்டுறீங்க.

நைட்ரஜன் அடிச்சா உள்ள ஆக்சிஜன் குறையும், கொள்கை சரி. டியூப் வழியாக் கசிஞ்சு மாசா மாசம் சாதாக் காத்து சேர்த்தா அது எங்க மிச்சம்? அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்கலாம்.

வீல்_ஸ்பானர்

மாட்டி 50 கிலோமீட்டர் ஓடினதும் வீல் ஸ்பானர் போட்டு எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்குங்க. ரிம்முக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா இது கட்டாயம், பெயின்ட் படலம் அமுங்கினதும் பிடி தளரும். சென்னைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஊருக்குள்ளேயே 150 கிலோமீட்டராவது ஓட்டிடுங்க. டியூப் கிள்ளியிருந்தா, வால்வு சாய்ஞ்சிருந்தா இங்கேயே தெரிஞ்சிடும். வால்வு சாய்ஞ்சு நின்னா டயருக்குள்ள டியூப் நகர்ந்திருக்குன்னு அர்த்தம், இறக்கி மறுபடி மாட்டச் சொல்லுங்க.

நிறுத்தி வைக்கிறதுக்கு: மூணு வாரத்துக்கு மேல எடுக்கப் போறதில்லைன்னா 35 பி.எஸ்.ஐ.-க்கு ஏத்தி வைங்க. பக்கச்சுவர்ல எழுதின உச்ச அளவைத் தாண்டாதீங்க, ஓட்டுறதுக்கு முன்னாடி இறக்கிடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வண்டியை அரைச்சுத்து தள்ளினா போதும், வேற இடம் தரையில படும். சிமென்ட் தரை ஈரமா இருந்தா ரப்பர் மேட் போடுங்க. மாசக்கணக்கா நிக்கும்னா ஸ்டாண்டு: பின்னாடி ஆக்சில் குழாய்க்கு அடியில, முன்னாடி கீழ் விஷ்போனுக்கு அடியில. பாடிக்கு அடியில குடுத்து வீலைத் தொங்க விட்டா டயர் பிழைக்கும், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும்.

டயர் பாலிஷ் தடவுற பழக்கம் இருந்தா பெட்ரோலிய எண்ணெய் கலந்ததை விட்டுடுங்க. பளபளன்னு இருக்கும், ஆனா மேல படிஞ்ச மெழுகைத்தான் முதல்ல கரைக்கும். பிரஷும் சோப்புத் தண்ணியும் போதும். பக்கத்துல வெல்டிங் பட்டறை இருந்தா அந்தப் பக்கம் நிறுத்தாதீங்க, ஆர்க் எரியிற இடத்துல ஓசோன் உண்டாகும்.

ரிம்_பேண்ட்

விட்டுப் போச்சு. பழைய டயரை எக்ஸ்சேஞ்சுன்னு அப்படியே கடையில விட்டுட்டு வராதீங்க. 6 மி.மீ. பட்டன் இருக்கிறதைக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு யாரோ ஒருத்தர் தலையில கட்டிடுவாங்க. பக்கச்சுவர்ல ரெண்டு இடத்துல பிளேடு போட்டு நூல் வரைக்கும் கீறிட்டுக் குடுங்க. பின் இடதுல கீறும்போது அந்த வெட்டுவாயை விரிச்சு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. பன்னிரண்டு வருஷத்துல ரப்பர் உள்பக்கம் எவ்வளவு நிறம் மாறியிருக்குன்னு பார்க்கணும்.

பத்மினி_84

சனிக்கிழமை ஜே.சி. ரோடு போறேன். 155 கிடைக்கலைன்னா 165 ஒண்ணு மாட்டிப் பார்த்து இடைவெளி எவ்வளவுன்னு மி.மீ.-ல எழுதுறேன், போட்டோவோட.